இயந்திரம் உண்டு, எண்ணம் இல்லை!

அந்தி மயங்கும் வேளையில் ஆம்பூர்ச் சாலையோரம் நின்று பார்த்திருப்பீர்கள். காலணித் தொழிற்சாலைகளின் வாயில்கள் திறக்கின்றன. அலையலையாய்ப் பெண்கள் வெளியே வருகின்றனர். விரல் நுனியிலே பசை, முதுகிலே வலி, உள்ளத்திலே வீட்டு உலையின் நினைவு! அவர்கள் தைத்த காலணி கப்பலேறி, கடல் கடந்து, ஐரோப்பிய நகரத்து வீதிகளில் நடைபயிலும். தைத்தவளோ தேய்ந்த செருப்புடன் பேருந்தைத் துரத்திக்கொண்டிருப்பாள். இது நீங்கள் அறியாததன்று. நாம் மேடைதோறும் பேசாததுமன்று. ஆனால், இன்று நான் பேச வந்தது அவளுடைய காலைப் பற்றியன்று, குடலைப் பற்றி!

அரசியல் கட்டுரையிலே குடலா என்று நகைப்போர் நகைக்கட்டும். ஏழையின் வயிற்றைப் பற்றிப் பேசாத அரசியல் எவருக்காக? பசித்த வயிற்றைப் பற்றி நிரம்பப் பேசியிருக்கிறோம். அந்த வயிற்றுக்குள்ளே ஓசையின்றிக் குடியேறி, காலம் பார்த்துக் கழுத்தை நெரிக்கும் கிருமியைப் பற்றியும் பேசியாக வேண்டிய நாள் வந்துவிட்டது.

குடலிலே கிருமிகள் வாழ்வது இயற்கை. கோடானுகோடியாக வாழ்கின்றன, பெரும்பாலானவை தீங்கற்றவை, நன்மை செய்வனவும் உண்டு. ஈ.கோலி, கிளெப்சியெல்லா என்று மருத்துவர் அழைப்பவை அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. குடலுக்குள் இருக்கும் வரை அவை குடித்தனக்காரர். அறுவைச் சிகிச்சை நடந்த புண்ணிலோ, சிறுநீர்க் குழாய் செருகிய வழியிலோ, செயற்கைச் சுவாசம் பெறும் நோயாளியின் நுரையீரலிலோ புகுந்துவிட்டால், அவையே கொள்ளைக்காரர்! அப்போது மருந்து தேவை. முதல் மருந்து தோற்றால் அடுத்தது. அதுவும் தோற்றால் கார்பபெனம் என்னும் வலிய மருந்தினம். மெரோபெனம் என்று மருத்துவமனைச் சீட்டுகளிலே நீங்கள் கண்டிருக்கக்கூடும். அந்தக் கோட்டையையும் உடைக்கும் கிருமிகள் இன்று உள்ளன. மருந்தை நார்நாராய்க் கிழித்தெறியும் நொதியை உண்டாக்கும் மரபணுவை அவை சுமக்கின்றன. சுமப்பது மட்டுமன்று, ஒரு கிருமி தன் பக்கத்துக் கிருமிக்கு, அது வேறு இனமாயினும், அந்த மரபணுவைக் கைமாற்றிக் கொடுக்கிறது. மனிதன் சாதி பார்த்துத் தண்ணீர் தர மறுக்கிறான்; கிருமியோ இனம் பாராமல் ஆயுதத்தையே தருகிறது!

கூத்து எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆகவே காட்சியாகவே காட்டிவிடுகிறேன். மாந்தர் கற்பனை, எந்த மருத்துவமனையையும் சுட்டுவதன்று. நிலைமை மட்டும் நீங்கள் அறிந்ததே.

இடம்: மருத்துவமனைக் கூடம். கட்டிலிலே தாய். வயிற்று அறுவை முடிந்து நான்கு நாள். அருகிலே தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்யும் மகன்.

மகன்: ஐயா, அம்மாவுக்குக் காய்ச்சல் தணியவில்லையே?

மருத்துவர்: இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், தம்பி. கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது மடியும் என்று சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும்.

மகன்: அதுவரையில்?

மருத்துவர்: இந்த மருந்து கேட்கும் என்று எண்ணிக் கொடுத்து வருகிறோம்.

மகன்: எண்ணியது தவறாக இருந்துவிட்டால்?

மருத்துவர் பேசவில்லை. திரை விழுகிறது.

தோழர்களே! அந்த மருத்துவர் கொடியவரல்லர். கையிலே விளக்கின்றி இருட்டறைக்குள் அனுப்பப்பட்டவர் அவர். அவருக்கு விளக்கே இல்லையா? உண்டு! அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நோயாளியின் மலக்குடல் வாயிலிலே ஒரு பஞ்சுக் குச்சியைத் தொட்டெடுத்து, ஒரு சிறு பேழையில் இட்டு, இயந்திரத்துக்குள் வைத்தால், கார்பபெனத்தை வெல்லும் மரபணுக்களில் முதன்மையான ஐந்து வகைகளில் எது இருக்கிறது என்பதை ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலே கூறிவிடும் சோதனை இருக்கிறது. கிருமியை வளர்க்கவேண்டியதில்லை, மரபணுவையே தேடிப் பிடிக்கிறது. இத்தகைய சோதனையை நோயாளியிடமிருந்து நேரே எடுத்த குச்சியைக் கொண்டு செய்ய, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016ஆம் ஆண்டிலேயே இசைவு தந்தது.

இதனால் என்ன பயன்? இரண்டு. ஒன்று, கிருமியைச் சுமப்பவர் இன்னார் என்று சேர்ந்த நாளிலேயே தெரிந்தால், அவரைத் தனிக் கட்டிலில் வைத்து, கையுறை அணிந்து, மலக்கலத்தைத் தனியே ஒதுக்கி, அடுத்த கட்டிலுக்கு அது தாவாமல் தடுக்கலாம். மற்றொன்று, அவருக்கே பின்னர்க் காய்ச்சல் கண்டால், எந்த மருந்து வீண் என்பதை மருத்துவர் முன்னரே அறிந்திருப்பார். மரபணுவின் பெயரைப் பொறுத்தே மருந்தும் மாறுகிறது. மேலை நாடுகளில் பெருமையுடன் பேசப்படும் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்னும் விலையுயர்ந்த கூட்டு மருந்து, கே.பி.சி. என்ற வகையை வெல்லும். நம் நாட்டிலே பரவலாகக் காணப்படும் என்.டி.எம். வகையின் முன்னே தனித்து நின்றால் மண்டியிடும். பெயர் தெரியாமல் மருந்து கொடுப்பது, முகவரி எழுதாமல் மடல் விடுப்பதற்கு ஒப்பாகும். மடல் போகும், சேராது. காசு போகும், உயிர் மீளாது!

'வெளிநாட்டு இயந்திரம், கோடி கோடியாய்க் கொட்ட வேண்டும், நம்மால் ஆகுமா?' என்று அலுவலகக் கோப்புக்குள்ளிருந்து ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்கு விடை கூறுகிறேன், குறித்துக் கொள்ளுங்கள். அந்த இயந்திரம் இங்கேயே இருக்கிறது! காசநோயைக் கண்டறிய, சி.பி.நாட் என்ற பெயரிலே அரசு மருத்துவமனைகளில், மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டிருக்கிறதே, அதே இயந்திரந்தான். சளியை இட்ட பேழையை வைத்தால் காசநோயைக் கூறும்; குடல் குச்சியை இட்ட பேழையை வைத்தால் குடல் கிருமியின் மரபணுவைக் கூறும். மாற்றவேண்டியது பேழையை, இயந்திரத்தை அன்று!

பேழையை மாற்றுவது அத்தனை அரிதோ? 2020ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கொரோனா வந்தது. ஏப்ரல் மாதத்திலேயே அதே சி.பி.நாட் இயந்திரத்திலே கொரோனாவைச் சோதிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிவகுத்தது. கோப்பு ஓடியது, பேழை வந்தது, முடிவு கிடைத்தது. அந்த நோய் மாளிகைக் கதவையும் தட்டிற்று. ஆகவே விரைவு பிறந்தது. குடல் கிருமியோ பெரும்பாலும் கூட்டம் நிறைந்த கூடத்துக் கட்டில்களுக்கிடையே நடமாடுகிறது. ஆகவே கோப்பு உறங்குகிறது. இயந்திரம் உண்டு, எண்ணம் இல்லை!

விலையைக் கூறுவார்கள். விலை என்ன, விண்ணிலிருந்து விழுந்த விதியா? காசநோய்ப் பேழைக்கு 9.98 டாலர் என்று அந்த அமெரிக்க நிறுவனம் ஏழை நாடுகளுக்கு விலை வைத்திருந்தது. உலகெங்கும் நோயாளிகளும் மருத்துவர்களும் கண்டனக் குரல் எழுப்பினர். 2023ஆம் ஆண்டில் 7.97 டாலராக இறங்கியது. கேட்டதால் இறங்கியது; கும்பிட்டதால் அன்று! மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக வாங்கி விலையைக் குறைக்கும் கலையை நாட்டுக்குக் கற்பித்ததே நம் தமிழ்நாடுதான். 1994ஆம் ஆண்டிலே தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்துத்தானே பிற மாநிலங்கள் பாடம் கற்றன? மாத்திரைக்குப் பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குப் பேழைக்குப் பேசத் தெரியாதா?

காலணி தைக்கும் நம் தங்கையின் கூலியிலே நூறு ரூபாய்க்கு 75 காசு ஈ.எஸ்.ஐ. சந்தாவாகப் பிடிக்கப்படுகிறது. முதலாளி 3 ரூபாய் 25 காசு செலுத்துகிறார். 2019 ஜூலை முதல் உள்ள கணக்கு இது. கூலி கைக்கு வருமுன்னே காசு போய்விடுகிறது. முன்பணம் வாங்கியவர்கள், 'உனக்கு மூன்று நாள் கழித்து முடிவு சொல்கிறோம்' என்று கூறலாமா? அவள் கேட்பது பிச்சையன்று. தான் கட்டிய பணத்துக்குக் கணக்கு!

இனி, பழி பேசுவோரிடம் வருவோம். 'பாமரர்கள் கண்ட கடையிலே கண்ட மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள். அதனால்தான் கிருமிக்குத் திமிர் வந்துவிட்டது' என்று குளிர்ச்சியான அறையிலிருந்து கூறுகிறார்களே, அதிலே உண்மை ஒரு பங்கு உண்டு. மருந்துச் சீட்டின்றி மாத்திரை விற்பதும் வாங்குவதும் தவறு. பாதியிலே மருந்தை நிறுத்துவதும் தவறு. அதை நம் படிப்பகங்களிலே நாமே சொல்ல வேண்டும். ஆனால், மெரோபெனம் பெட்டிக்கடைப் பண்டமா? நரம்பிலே ஏற்றும் மருந்தன்றோ அது! எந்தக் கூலிக்காரன் அதைத் தேநீருடன் பருகினான்? 2013ஆம் ஆண்டிலேயே அதை எச்1 அட்டவணையிலே சேர்த்து, சீட்டின்றி விற்கலாகாது, விற்றால் பெயரெழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் இயற்றினீர்களே, அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? மருத்துவமனைக்குள்ளே விளைந்த கிருமிக்கு மண்குடிசையிலே குற்றவாளியைத் தேடுவது எந்த நீதி?

இன்னொரு கூட்டம் உண்டு. மானம் பேசும் கூட்டம்! அதன் கதையையும் கேளுங்கள். 2008ஆம் ஆண்டு, புது தில்லியிலே மருத்துவம் பெற்று சுவீடனுக்குத் திரும்பிய இந்திய வழியினர் ஒருவரின் சிறுநீரிலே, எந்த மருந்துக்கும் எளிதில் மடியாத கிளெப்சியெல்லா கண்டறியப்பட்டது. அவருடைய மலத்திலே இருந்த ஈ.கோலியும் அதே மரபணுவைப் பெற்றிருந்தது. ஒரே குடலுக்குள் ஆயுதம் கைமாறிய அடையாளம் அது. அந்த மரபணுவுக்கு, 'நியூ டெல்லி' என்ற பெயரையும் சேர்த்து என்.டி.எம்.-1 என்று பெயரிட்டனர். 2010 ஆகஸ்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் எங்கோ இருந்தவரல்லர். சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலே 44, அரியானாவிலே 26, இங்கிலாந்திலே 37 என்று அந்த மரபணுவைச் சுமந்த கிருமி மாதிரிகளை அந்த ஆய்வு எண்ணிக் காட்டியது.

தில்லி என்ன செய்தது? நோயைத் தேடிற்றா? இல்லை. பெயரின் மீது சினந்தது! நாட்டுக்கு அவமானம் என்றனர். நம் மருத்துவமனைகளுக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளைத் தடுக்கச் சதி என்று நாடாளுமன்றத்திலேயே முழங்கினர். மறு ஆண்டு, 2011இல், வெளிவந்த ஆய்வின்படி, தில்லித் தெருக்களிலே தேங்கிய நீரிலிருந்து எடுத்த 171 மாதிரிகளில் 51இல் அந்த மரபணு இருந்தது. குழாய் நீரின் 50 மாதிரிகளில் 2இல் இருந்தது. பெயரை மாற்றினால் நீர் தூயதாகிவிடுமா? கண்ணாடி காட்டும் கறையைத் துடைக்க வேண்டியது முகத்திலே, கண்ணாடியிலே அன்று. பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்த நமக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மருந்தை வென்ற கிருமிகளே நேர்க் காரணமாக, 2019 ஓர் ஆண்டில் மட்டும் உலகிலே 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. போரிலே இத்தனை பேர் மாண்டிருந்தால் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்திருக்கும். கட்டிலிலே மாண்டவர்களுக்குக் கொடியும் இல்லை, கணக்கும் இல்லை.

வேலூரிலே அறிவு இல்லையா? ஏராளம்! 1900ஆம் ஆண்டிலே ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய பணி, இன்று கிறித்துவ மருத்துவக் கல்லூரியாய் ஓங்கி நிற்கிறது. மருந்தை எதிர்க்கும் கிருமிகளைக் கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய வலையமைப்பில் அது ஒரு முக்கிய மையம். அடுக்கம்பாறையிலே 2005 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கற்றவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். அந்த அறிவு ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இராணிப்பேட்டைக்கும் அரசுக் கட்டிலின் தலைமாடு வரை வந்து சேர வழி அமைப்பதுதான் ஆட்சியின் வேலை.

இந்த மண்ணுக்கு இன்னுமொரு தனி உரிமை உண்டு. பாலாற்றைத் தோல் கழிவு பாழாக்கியபோது, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தின் படியேறியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. 'தீங்கு முற்றிலும் மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராதே. முன்னரே தடு' என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும், 'கெடுத்தவனே ஈடு கொடு' என்னும் கொள்கையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. நாடெங்கும் நீதிமன்றங்களிலே இன்றும் பேசப்படும் அந்தக் கொள்கை வேலூர் மக்கள் தொடுத்த வழக்கிலே பிறந்தது! ஆனால், சட்டம் ஏட்டிலே நின்றால் என்ன நேரும்? 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையிலே கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, 10 தொழிலாளர் சேற்றிலே புதைந்து மாண்டனர். 2025 ஜனவரியிலே அதே பாலாற்றுக்காக உச்சநீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியதாயிற்று.

ஆற்றுக்கு ஒரு நீதி, கட்டிலுக்கு வேறு நீதியா? முன்னரே தடு என்று சட்டத்தைப் பேசவைத்த மண்ணிலே, பக்கத்துக் கட்டிலுக்குக் கிருமி தாவிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனை நடக்கலாமா? அந்தப் பஞ்சுக் குச்சிதான், தோழர்களே, கட்டிலருகே நிற்கும் முன்னெச்சரிக்கைக் கொள்கை!

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். சோதனை மட்டும் எவரையும் காப்பாற்றாது. முடிவு ஒரு மணியில் வந்து, கை கழுவக் குழாயில் நீர் மூன்று மணிக்குத்தான் வருமென்றால், அந்தச் சோதனை கேலிக்கூத்து. உலக நல நிறுவனம் 2017இல் வகுத்த நெறியும் இதைத்தான் கூறுகிறது: கண்டறி, தனிமைப்படுத்து, கை கழுவு, இடத்தைத் தூய்மை செய், கணக்கெடு. இவை ஒன்றாய்ச் சேர்ந்தால்தான் பலன். சேர்ந்தால் பலன் உண்டா என்போருக்கு ஒரு சான்று. இஸ்ரேல் நாட்டு மருத்துவமனைகளிலே இவ்வகைக் கிருமி 2007இல் ஓங்கியது. 1 இலட்சம் நோயாளி நாட்களுக்கு 55.5 என்றிருந்த புதுத் தொற்று, தனிமைப்படுத்தலும் கண்காணிப்பும் நாடு முழுவதும் கட்டாயமானபின், 2008 மே மாதம் 11.7ஆக வீழ்ந்தது. மந்திரத்தால் அன்று, முறையால்!

மேலும் ஒன்று. இது நம்மவர்க்கே கூறும் எச்சரிக்கை. தோலைத் தொட்டவன் தீட்டு என்று தெருவுக்கு வெளியே தள்ளிய நாடு இது. அந்த ஊரிலே, 'இவன் குடலிலே கிருமி இருக்கிறது' என்று ஒரு தாளிலே எழுதினால், அது புதிய தீண்டாமைக்குச் சீட்டாகிவிடும் ஆபத்து உண்டு. கட்டிலிலே சிவப்பு அட்டை தொங்கும், உறவினர் ஒதுங்குவர், 'இடமில்லை' என்று வேறு மருத்துவமனை கதவடைக்கும். கூடாது! கிருமியைச் சுமப்பவர் குற்றவாளியல்லர். பெரும்பாலும் மருத்துவமனையிலேயே அதைப் பெற்றவர். சுமப்பதாலேயே அவர் நோயாளியும் அல்லர். அதற்காக மருந்தும் தேவையில்லை. தனிக் கட்டில் அவருக்குப் பாதுகாப்பு, தண்டனையன்று. சோதனையின் முடிவைக் காரணம் காட்டி எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்ற ஆணை, பேழை வாங்கும் ஆணையுடன் ஒரே நாளில் வெளிவர வேண்டும். தீட்டு என்ற சொல்லைத் தெருவிலிருந்து விரட்டிவிட்டு, மருத்துவக் கூடத்துக்குள் நாமே விளக்கேற்றி வரவேற்கலாமா?

நாம் கேட்பது நிலவையன்று. தீவிர சிகிச்சைக்குச் செல்வோர், வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றப்பட்டு வருவோர், பெரிய அறுவைக்குக் காத்திருப்போர் ஆகியோருக்கு முதலில் இந்தச் சோதனை இலவசமாக நடக்கட்டும். வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை ஆகிய மூன்று மாவட்டங்களில் தொடங்கட்டும். காசநோய்ச் சோதனைக்கு இடையூறு நேராவண்ணம் இயந்திரத்தின் நேரத்தைப் பங்கிடட்டும். போதாவிடில் இன்னொன்று வாங்கட்டும். எத்தனை பேருக்குச் சோதித்தனர், எத்தனை பேரிடம் கண்டனர் என்ற எண்ணிக்கையை, பெயரை மறைத்து, மாதந்தோறும் வெளியிடட்டும். ஆட்சி எவருடையதாயினும் கேட்போம். நம்முடையதாயின், உரிமையுடன் இரு மடங்கு உரக்கக் கேட்போம்!

கிளைக் கழகச் செயலாளர்களே! இந்தக் கட்டுரையைப் படிப்பகத்திலே உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு நால்வராக, அமைதியாக, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செவிலியரிடம் சினம் வேண்டாம். அவர்கள் நம்மைப் போன்ற உழைப்பாளிகள். கண்காணிப்பாளரிடம் மூன்றே மூன்று கேள்விகளை எழுத்திலே கொடுத்து, எழுத்திலே விடை கேளுங்கள். சி.பி.நாட் இயந்திரம் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓய்ந்திருக்கிறது? குடல் கிருமிச் சோதனைக்கான பேழை கேட்டு மேலிடத்துக்கு எழுதியதுண்டா? கூடத்திலே கை கழுவும் குழாய்களில் எத்தனையில் இந்த நொடி நீர் வருகிறது?

மூன்றாவது கேள்விக்கு விடையை அவர் வாயிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். நீங்களே குழாயைத் திறந்து பாருங்கள்.